பிளெசியின் வயிற்றளவு

ஹோல்ட் பண்ணை,
1932 ஆகஸ்ட் 2, செவ்வாய்

அன்புள்ள இல்லுகிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன் வாயில் பல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பசுக்கள் நலம், அறுத்துப் போட்ட புல் நலமில்லை, நான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன்.

நீ மணல்வெளியைக் கடந்து மேற்கே போய் மூன்று வாரம் ஆகிறது. ஈறு ஆறிய பிறகுதான் பல் செட்டைப் பொருத்துவேன் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். கல்டா ஆற்றிலும் அதன் மணல்வெளியிலும் இருபத்தெட்டு வருடம் ஊருக்கே வழி காட்டியவனை ஒரு பல் டாக்டர் நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறார் என்று மாதா கோயிலில் எல்லோரும் பேசிச் சிரிக்கிறார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. உனக்கு மெல்ல முடியாமல் போன கருவாட்டை ஒரு வருடமாக ஊற வைத்துக் கொடுத்தவள் நான்.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தெற்குச் சரிவில் அறுத்த புல்லை மூன்று முறை திருப்பிப் போட்டாயிற்று. நம் பண்ணையாள் சிக்வால்டி அதைப் பார்த்துவிட்டு, "காயலைன்னா விடும்மா, குளிர்காலத்துல பசுவுக்குக் கஞ்சியா ஊத்திடலாம்" என்கிறான். உழைப்பு தேவைப்படாத யோசனைகள் அவனிடம் எப்போதும் இருக்கும்.

ஜூன் மாதக் காற்றில் அறுந்து விழுந்த டெலிபோன் கம்பி இன்னும் மணலில்தான் கிடக்கிறது. ஆறு இறங்கியதும் ஆள் அனுப்புவதாக அலுவலகத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். அதுவரைக்கும் நீயும் நானும் தபால்காரர் ஹன்னெஸின் பையை நம்பித்தான் குடும்பம் நடத்த வேண்டும். புதன்கிழமை மேற்கே போகிறார், சனிக்கிழமை திரும்பி வருகிறார். நல்ல மனிதர், காபி மட்டும் கொஞ்சம் அதிகம் குடிக்கிறார்.

நீ ஒப்படைத்துப் போன அளவு வேலையை ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிடவில்லை. சிக்வால்டியும் நானும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பனியாற்றின் மேல் ஏறுகிறோம். பனிக்குள் நீ துளைத்து நட்ட மூன்று கம்பங்களும் போன வாரத்தைவிட எவ்வளவு வெளியே வந்திருக்கின்றன என்று அளக்கிறோம். அவ்வளவு பனி உருகியிருக்கிறது என்று, பனியாற்றை ஆராயும் பேராசிரியரின் படிவத்தில் எழுதுகிறேன். ஜூலை முழுவதையும் கூட்டிப் பார்த்தேன். மூன்று கம்பங்களிலும் போன ஜூலையைவிட ஒரு முழம் அதிகம்.

அப்புறம் ஆறு. பேராசிரியர் தலைநகரிலிருந்து அனுப்பிய அளவுகோல் மரம் முதல் கோடையிலேயே கடலுக்குப் போனது. அதன் பிறகு நீ கண்டுபிடித்த முறைதான் நடக்கிறது. ஆறு மணலில் பல கிளையாகப் பிரிவதற்கு முன் ஒரே வாய்க்காலாக ஓடும் இடத்தில் நம் குதிரை பிளெசியை இறக்குகிறோம். தண்ணீர் குதிரையின் முழங்காலுக்கு வந்ததா, வயிற்றுக்கு வந்ததா, சேணத்துக்கு வந்ததா என்று பார்க்கிறோம். நோட்டின் முதல் பக்கத்தில் உன் கையெழுத்தில் இருக்கும் அட்டவணையைப் பார்த்து அதைச் சென்டிமீட்டராக மாற்றுகிறோம். இந்த முறையைப் பேராசிரியர் ஒரு கூட்டத்தில் விவரித்தபோது இரண்டு டேனிஷ்காரர்கள் கைதட்டினார்கள் என்று நீ சொல்லாத விருந்தாளி இந்த மாவட்டத்தில் யாரும் பாக்கியில்லை. முறை நன்றாகத்தான் இருக்கிறது. பிளெசி தண்ணீரில் அசையாமல் நின்று, அரசாங்க ஊழியனைப் போல என்னைப் பார்க்கிறது.

ஒன்றுதான் புரியவில்லை. பனி ஒரு முழம் அதிகமாக உருகியிருக்கிறது. ஆறு மட்டும் போன வருடம் போலவே பிளெசியின் வயிற்றில் நிற்கிறது. மிச்சத் தண்ணீர் எங்கே போயிற்று? படிவத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. நீ பதில் எழுதினால் நிம்மதியாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்காதே. நேற்று மத்தியானம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சமையலறையில் ஏதோ டக் டக் என்று சத்தம் கேட்டது. எலியோ என்று தேடினேன். கடைசியில் பார்த்தால் உன் அப்பாவின் சுவர்க் கடிகாரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது. ஆற்றின் இரைச்சலில் அதன் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கடினமாக எதையும் கடிக்காதே.

உன்,
செசெல்யா


ஹோல்ட் பண்ணை,
ஆகஸ்ட் 7, ஞாயிறு

அன்புள்ள இல்லுகிக்கு,

உன் கடிதத்தை ஹன்னெஸ் நேற்று மாலை கொண்டு வந்தார். பல் பொருந்திவிட்டது என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன். "ஆறு ஒழுங்கா வயித்துல நிக்குதுன்னா அதைவிட வேற என்ன வேணும்? பதினோரு குதிரையும் சுமையோட தயார். 13ஆம் தேதி சனிக்கிழமை விடியக் கிளம்புறேன். பனியோட கணக்கைப் பேராசிரியர் பார்த்துக்குவார், நீ காபித் தண்ணியைப் பார்த்துக்கோ."

காபித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். மற்ற தண்ணீரையும் பார்த்தேன். பொறுமையாகப் படி. ஒரு வரியைக்கூடத் தாண்டாதே.

நேற்றுக் காலை பிளெசியை இறக்கினோம். தண்ணீர் வயிற்றைத் தொடவில்லை. ஒரு உள்ளங்கை அகலம் கீழே நின்றது. கயிறு கல்லில் சிக்கியதால் சிக்வால்டியே உள்ளே இறங்கி அதை எடுத்தான். தொடை பாதிதான் நனைந்தது. அட்டவணைப்படி எழுபத்திரண்டு சென்டிமீட்டர் என்று எழுதப் போனேன். சிக்வால்டி தன் கால்சட்டையைக் காட்டி, "இது எழுபத்திரண்டா? அப்ப நான் இந்த வயசுலயும் வளர்ந்துக்கிட்டு இருக்கேம்மா" என்றான். அவன் வாயை அடைக்கத்தான் தையல் நாடாவை எடுத்து வந்தேன். குதிரை கரையேறியதும் காலில் ஈரம் நின்ற கோட்டை அளந்தேன். அறுபது.

இரண்டாம் முறை அளந்தேன். அறுபதுதான். பிறகு வயிறு வரை அளந்தேன். எழுபது. நோட்டில் நீ எழுதியிருப்பது, வயிறு எண்பத்திரண்டு.

இல்லுகி, அந்த எண்பத்திரண்டு பழைய பிளெசியின் வயிறு. அது செத்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. புதுக் குதிரைக்கும் நெற்றியில் அதே வெள்ளை இருந்ததால் அதே பெயரை வைத்தோம். பெயரை மாற்ற நமக்குத் தோன்றவில்லை. உயரத்தை மாற்றி எழுதவும் தோன்றவில்லை. பழையதைவிடப் புதியது பன்னிரண்டு சென்டிமீட்டர் குட்டை. குதிரை குட்டையானால் ஆறு உயர்ந்ததாகத் தெரியும். டேனிஷ்காரர்கள் கைதட்டியதில் இது விட்டுப்போயிருக்கிறது.

போன கோடை, இந்தக் கோடை இரண்டிலும் நோட்டில் இருக்கும் எல்லாச் சனிக்கிழமைகளையும் திருத்தினேன். மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டைக் கழித்தேன். ஆறு வயிற்றிலேயே நிற்கவில்லை. போன கோடை முழுவதும் அரைச் சாண் குறைவாக ஓடியிருக்கிறது. இப்போது ஒரு சாண் குறைவு. உருகிய பனியோ போன வருடத்தைவிட அதிகம், அதற்கு முந்தின வருடத்தைவிட இன்னும் அதிகம். இரண்டு கோடையின் தண்ணீர் வெளியே வரவில்லை. வராத தண்ணீர் தங்க ஒரே இடம்தான் இருக்கிறது. பனிக்குப் பின்னால் இருக்கும் பக்கப் பள்ளத்தாக்கு. பனிதான் அதன் கதவு.

தப்புக் கண்டுபிடித்த பெருமைக்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. இது என் தப்பாக இருந்தால் போதும் என்று காலையிலிருந்து நாடாவை நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன். நாடா சரியாகத்தான் இருக்கிறது.

நேற்று மூன்றாவது கம்பத்துக்கும் போனோம். அது சாய்ந்து நிற்கிறது. ஜூலையில் சிக்வால்டி உட்கார்ந்து புகையிலை போட்ட இடத்தில் இப்போது ஓர் ஆள் விழும் அகலத்துக்கு வெடிப்பு. அதன் அடியில் நீலத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. நான் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் வர வெகு நேரமாயிற்று. சிக்வால்டி அப்போது ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. அவனோடு இருந்த இத்தனை வருடத்தில் அதைவிட என்னைப் பயமுறுத்தியது ஒன்றும் இல்லை.

இன்று பூசை முடிந்ததும் பாதிரியார் ஓக்முண்டரிடம் போனேன். கோயிலின் பழைய பதிவேட்டில் வெள்ளத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் மூக்கிலேயே இருந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டே வாசித்தார். எழுபத்தொரு வருடத்துக்கு முந்தின குறிப்பு: "இந்தக் கோடையில் கல்டா மிகவும் இறங்கியது. பெண்கள் காலுறை நனையாமல் கடந்தார்கள். அனைவரும் கர்த்தரைத் துதித்தோம்." அடுத்த குறிப்பு ஆறு நாள் கழித்து. அதில் ஏழு பெயர்கள் மட்டும் இருக்கின்றன. ஒரு வாக்கியமும் இல்லை.

பாதிரியார் பதிவேட்டை மூடிவிட்டு, "பயப்படாதேம்மா. அது அந்தக் காலம். இப்பல்லாம் கர்த்தர் அப்படிச் செய்யறதில்லை" என்றார். ஆயர் கூட்டத்துக்கு நாளைக்கு அவர் மேற்கே போவதாக இருந்ததே என்று கேட்டேன். ஜலதோஷம் என்று ஒத்திப்போட்டுவிட்டாராம். ஒரு தும்மலையும் நான் கேட்கவில்லை.

நம் வீடு மேட்டில் இருக்கிறது; எனக்கு ஒன்றும் ஆகாது. மணல்வெளியை நினைத்துத்தான் பயப்படுகிறேன். குதிரைகளுக்குச் சுமை ஏற்றி நடந்தால் கடப்பதற்கு ஒரு பகல் முழுக்க ஆகும். அந்தப் பகல் முழுவதும், தரையில் கட்டிய பறவைக் கூட்டைவிட உயரமான இடம் ஒன்றும் வழியில் கிடையாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ.


ஆகஸ்ட் 10, புதன், காலை

கடிதத்தை இன்னும் மூடவில்லை. ஹன்னெஸ் வந்துவிட்டார். எதிரே உட்கார்ந்து இரண்டாவது காபி குடிக்கிறார். நான் எழுதி முடிக்கும் வரை மூன்றாவதும் கொடுப்பேன்.

திங்களும் செவ்வாயும் உனக்கு எப்படிச் செய்தி அனுப்புவது என்றுதான் யோசித்தேன். பனியின் மேலாகப் போகும் பழைய வழி ஒன்று இருக்கிறதே என்று சிக்வால்டியிடம் கேட்டேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நீ சொன்னா போறேம்மா. ஆனா சொல்லாத" என்றான். சொல்லவில்லை. இந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கிழக்கே போகும் ஆளிடம் கொடுத்திருக்கிறேன். அது கப்பலேறி நாட்டைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரத்தில் உன்னிடம் வரும். அதற்குள் நீ வீட்டில் இருப்பாய், இல்லையென்றால் அதைப் பிரித்துப் படிக்க வேண்டிய அவசியம் உனக்கு இருக்காது.

மிச்சம் இருப்பது ஹன்னெஸ். நோட்டையும் நாடாவையும் காட்டி எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏம்மா செசெல்யா, இருபது வருஷமா இந்த ஆத்துல விழுந்து எழுந்திருக்கேன். இந்த வருஷம்தான் காலுறை நனையாம போறேன். அது உனக்குப் பொறுக்கலையா?" என்றார். காலுறை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த கெண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அதைப் பார்த்து அவர், "தபால் பை காத்திருக்காதும்மா. சட்டம் அப்படி. வெள்ளம் வரும்னு எழுத எங்க தபால் படிவத்துலயும் கட்டம் இல்ல" என்றார்.

ஒரு பாவத்தையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் குதிரையின் கடிவாளத்தை எடுத்துப் பால் பாத்திர அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். "அரசாங்கத் தபாலைக் கடிவாளத்தை ஒளிச்சு நிறுத்தப் பார்த்தவ இந்த நாட்டுலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப" என்று சிரித்தார். நான் அழுதேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். ஆனால் கடிவாளத்தைத் திருப்பித் தரவில்லை.

இப்போது என் நிலைமையைப் பார். ஆற்றில் இறங்காதே என்று சொல்லும் கடிதத்தை ஆற்றில் இறங்கும் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். இதை நீ படிக்கிறாய் என்றால் ஹன்னெஸ் கடந்துவிட்டார். அவர் கடந்துவிட்டார் என்றால் செசெல்யா சொன்னது தப்பு என்று நீ சிரிப்பாய். என் பயத்துக்கு எதிரான முதல் சாட்சியாக என் கடிதமே வந்து உன் முன்னால் நிற்கும். இல்லுகி, புதன்கிழமை வராதது சனிக்கிழமையும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கதவு இரண்டு கோடையாகத் தாங்கியிருக்கிறது. அது பலத்தினால் அல்ல, பழக்கத்தினால்.

ஆறு எப்படி இருக்கிறது என்று நீ ஹன்னெஸிடம் கேட்பாய் என்று தெரியும். "நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன். "பொய் சொல்ல மாட்டேம்மா. வேணும்னா பேசாம இருக்கேன்" என்றார். அவர் பேசாமல் இருந்து நாம் பார்த்ததில்லை. ஆகவே அவர் சொல்வதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆறு அழகாக இருக்கிறது. தெளிவாக இருக்கிறது. கல் எண்ணலாம். உன் வாழ்நாளில் இத்தனை சுலபமான ஆற்றை நீ பார்த்திருக்க மாட்டாய்.

நீ பயந்தவன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதுதான் இப்போது தொல்லை. பயந்துவிட்டான் என்று ஊரார் சொல்வார்களே என்று யோசித்தால், ஈறு வீங்கிவிட்டது என்று சொல்லிவிடு. டாக்டரும் ஒத்துக்கொள்வார், அவருக்கு அதில் நஷ்டமில்லை. அட்டவணைத் தப்பைப் பேராசிரியருக்கு நான் எழுதப்போவதில்லை. நீ வந்து உன் கையெழுத்திலேயே எழுதிக்கொள். என்னால்தான் வந்த தப்பு என்று எழுதினாலும் சரி. நான் மறுக்க மாட்டேன். எவ்வளவு நாள் தங்க வேண்டும் என்று கேட்காதே. ஆறு மறுபடி இரையும் வரை. வெள்ளம் வந்து போகும் வரை. வராவிட்டால் குளிர்காலத்தில் எல்லாம் உறையும் வரை. கிறிஸ்துமஸுக்கு நீ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புகையிட்ட ஆட்டிறைச்சியை உனக்காகத் தனியாக வைத்திருப்பேன்.

ஹன்னெஸ் எழுந்துவிட்டார். சுருக்கமாக முடிக்கிறேன்.

இவ்வளவு எழுதியும் நீ கிளம்புவாய் என்று எனக்கு ஒரு பக்கம் தோன்றுகிறது. கணக்கு உன்னைத் தடுக்காது, பதிவேடு தடுக்காது, என் அழுகையும் தடுத்ததில்லை. அதனால் இதையும் தெரிந்துகொள். சனிக்கிழமை காலையிலிருந்து நான் தொலைநோக்கியோடு மேட்டில் நிற்பேன். மணல்வெளியில் உன் குதிரைகள் தெரிந்தால் அந்த நிமிடமே பிளெசியின் மேல் ஏறி உன்னை எதிர்கொண்டு வருவேன். சிக்வால்டியால் என்னைப் பிடித்து நிறுத்த முடியாது. அவனிடம் சொல்லியும் விட்டேன். இதுவரை ஆற்றைக் கடந்தபோதெல்லாம் உன் முதுகில் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டுதான் கடந்திருக்கிறேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு வருவேன். உனக்கு முன்னால் நான்தான் ஆற்றில் இருப்பேன். தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார், அப்படித்தான் வரும்.

மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். நீ அங்கே இருந்துகொண்டு என்னைத் தடுக்க ஒரே வழிதான் இருக்கிறது.

கர்த்தர் உன்னை அக்கரையிலேயே வைத்திருக்கட்டும்.

உன்,
செசெல்யா